சேமித்தலும் மீட்டலும்: நிகழ்படக் கருவி அமைவுகளைக் கையாளும் கட்டளைவரி நிரல்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தில் வெப்கேம், ஆவணப் படக்கருவி முதலிய நிகழ்படக் கருவிகளின் ஒளி, நிறம், குவியம் சார்ந்த அமைவுகளைச் சேமிக்கவும் மீட்கவும் கட்டளைவரி நிரல்கள் பயன்படுகின்றன. இந்நிரல்கள் அமைவு என்பதை எவ்வாறு வரையறுக்கின்றன, அவ்வரையறை மீட்டலின் போது எங்கெங்குப் பொய்க்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியின் நிலை என்பது எண்களின் பட்டியல் அன்று; அது கட்டுப்பாடுகளுக்கு இடையிலான சார்புகளால் அமைவது. சேமிப்புக் கோப்பு எண்களைக் காக்கிறது, சார்புகளைக் காப்பதில்லை. எனவே மீட்டலைச் சேமித்தலின் எதிர்த்திசைச் செயலாகக் கருதுவது பிழையாகும் என்பது இக்கட்டுரையின் முடிவு. சுவடிகளைப் படமாக்குவோர் இம்முடிவிலிருந்து பெறத்தக்க பயன்களும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிகழ்படக் கருவி, கட்டளைவரி, அமைவு, இயல்புநிலை, மீட்டமைத்தல், கணித்தமிழ், சுவடிப் படமாக்கம்.

முன்னுரை

கணித்தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துரு, குறியேற்றம், சொற்பிழை திருத்தி, எழுத்துணரி ஆகியவற்றை மையமாகக் கொண்டுள்ளன. எழுத்து கணினிக்குள் வந்த பிறகு நிகழ்வனவே இவற்றின் பொருள். எழுத்து கணினிக்குள் நுழையும் வாயிலில் நிற்கும் படக்கருவி இவ்வாய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை. ஓலைச்சுவடியின் படிமத்தைக் கொண்டு பாடம் தீர்மானிக்கும் ஆய்வாளருக்கு அப்படிமமே மூலம். அப்படிமம் எத்தகைய ஒளியளவில், எந்த நிறச் சமநிலையில் எடுக்கப்பட்டது என்பது மூலத்தின் நம்பகத்தன்மையைப் பற்றிய வினாவாகும்.

பெரிய நிறுவனங்கள் உயர்தர ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு இப்பணியைச் செய்கின்றன. தனி ஆய்வாளரும் சிறு நூலகமும் யூஎஸ்பி வழி இணையும் ஆவணப் படக்கருவியையோ வெப்கேமையோ பயன்படுத்த நேர்கிறது. அந்நிலையில் நேற்றைய அமைவை இன்றும் பெறுவதற்குரிய வழி யாது என்பது நடைமுறைச் சிக்கலாக எழுகிறது. இச்சிக்கலுக்கு விடையாக வழங்கப்படும் கட்டளைவரி நிரல்களே இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. அமைவின் இருப்பிடம்

லினக்ஸில் நிகழ்படக் கருவிகளுக்கான பொது இடைமுகம் வீடியோ ஃபார் லினக்ஸ் எனப்படும். இதன் இரண்டாம் வடிவம் 2002-இல் 2.5 வளர்ச்சி வரிசையில் கெர்னலுடன் இணைக்கப்பட்டது. முதல் வடிவம் 2011-இல் 2.6.38 பதிப்பில் நீக்கப்பட்டது. இரண்டாம் வடிவத்தில் பிரகாசம், நிறவேறுபாடு, ஒளியேற்பு நேரம், வெண்சமநிலை, குவியம் போன்ற ஒவ்வொன்றும் ‘கட்டுப்பாடு’ எனப்படும் அலகாக அமைகிறது.

இவ்விடைமுகத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒரு செயலி கருவியைத் திறப்பதனால் மட்டும் அதன் நிலை மாறக்கூடாது. ஒரு செயலி படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொரு செயலி பிரகாசத்தை மாற்றலாம். முதற்செயலி மூடப்பட்ட பின்னும் அம்மாற்றம் நிலைத்திருக்கும். ஆகவே அமைவு செயலிக்கு உரியதன்று. கருவிக்கும் அதன் இயக்கிக்கும் உரியது. கட்டளைவரி நிரல் வெளியிலிருந்து அமைவை மாற்ற முடிவதற்கு இக்கொள்கையே காரணம்.

ஆயினும் இந்த நிலைப்பேறு குறுகிய ஆயுள் உடையது. இணைப்புக் கம்பி பிடுங்கப்பட்டாலோ கணினி அணைக்கப்பட்டாலோ பொதுவாக மதிப்புகள் இயல்புநிலைக்குத் திரும்புகின்றன. செயலிகளைக் கடந்து வாழும் அமைவு, மின்சாரத்தைக் கடந்து வாழ்வதில்லை. சேமித்தல், மீட்டல் என்னும் தேவை இவ்விடைவெளியில் பிறக்கிறது.

2. பட்டியல் காட்டுவதும் மறைப்பதும்

இத்துறையில் பெரிதும் வழங்கும் நிரல் வி4எல்2-சிடிஎல் ஆகும். கட்டுப்பாடுகளைப் பட்டியலிடுதல், ஒன்றின் மதிப்பைப் படித்தல், ஒன்றிற்கு மதிப்பிடுதல் ஆகியன இதன் முதன்மைச் செயல்கள். பட்டியலின் ஒவ்வொரு வரியும் கட்டுப்பாட்டின் பெயர், பதினாறடிமான அடையாள எண், வகை, சிறுமம், பெருமம், படிநிலை, இயல்புமதிப்பு, தற்போதைய மதிப்பு ஆகியவற்றைத் தருகிறது. சில வரிகளின் இறுதியில் ‘செயலற்றது’ என்பது போன்ற கொடிக்குறிப்பும் இடம்பெறும்.

செறிவும் ஒழுங்கும் உடைய இப்பட்டியல் பாராட்டத்தக்கது. கருவியைப் பற்றி முன்னறிவு இல்லாதவரும் அதன் எல்லைகளை ஒரே பார்வையில் அறியலாம். எனினும் சேமித்தலும் மீட்டலும் இந்நிரலில் தனிச் செயல்களாக அமையவில்லை. பயனர் பட்டியலைக் கோப்பில் எழுதி, அதிலிருந்து பெயரையும் மதிப்பையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் மீண்டும் இடும் சிறு நிரலைத் தாமே எழுதிக்கொள்வது வழக்கம். அவ்வாறு பிரித்தெடுக்கும்போது வீச்சு, இயல்புமதிப்பு, கொடிக்குறிப்பு ஆகிய அனைத்தும் உதிர்ந்து, பெயரும் எண்ணும் மட்டுமே எஞ்சுகின்றன. மீட்டலின் இடர்ப்பாடுகள் யாவும் இவ்வுதிர்விலிருந்தே தோன்றுகின்றன.

மேலும், கட்டுப்பாடுகள் மட்டுமே கருவியின் முழு நிலை ஆகா. படத்தின் அகல உயரம், படப்புள்ளி வடிவம், நொடிக்குரிய சட்ட எண்ணிக்கை, உள்ளீட்டுத் தேர்வு ஆகியன வேறு கட்டளைகளால் கையாளப்படுகின்றன. கட்டுப்பாட்டுப் பட்டியலில் இவை வருவதில்லை. சில கட்டுப்பாடுகள் எழுத மட்டுமே இயல்வன. படக்கருவியை இருக்கும் இடத்திலிருந்து சிறிது திருப்புக என்னும் கட்டளை ஒரு செயல். அதற்கு மதிப்பு இல்லை. மதிப்பு இல்லாததைச் சேமிக்கவும் இயலாது. எனவே ‘எல்லா அமைவுகளும் சேமிக்கப்பட்டன’ என்னும் எண்ணம் தொடக்கத்திலேயே குறையுடையது.

3. வரிசையும் சார்பும்

பெயரும் எண்ணும் கொண்ட கோப்பு, கட்டுப்பாடுகள் ஒன்றையொன்று சாராதவை என்னும் கருத்தை உட்கொண்டுள்ளது. உண்மை வேறு. ஒளியேற்பை எடுத்துக்கொள்ளலாம். இதனைத் தானியங்கி முறையிலோ கைமுறையிலோ வைப்பதற்கு ஒரு கட்டுப்பாடும், ஒளியேற்பு நேரத்தைக் குறிக்க மற்றொரு கட்டுப்பாடும் உள்ளன. இரண்டாவதன் அலகு 100 மைக்ரோநொடி. அதாவது 100 என்னும் மதிப்பு நொடியின் நூறில் ஒரு பங்கைக் குறிக்கும். முதற்கட்டுப்பாடு தானியங்கி முறையில் இருக்கும்வரை இரண்டாவது செயலற்றது எனக் கொடியிடப்படுகிறது. வெண்சமநிலை, குவியம் ஆகியவற்றிலும் இத்தகைய இணைகள் உள்ளன.

கருவி புதிதாக இணைக்கப்படும்போது பொதுவாகத் தானியங்கி முறையில் விழிக்கிறது. அப்போது மீட்புநிரல் ஒளியேற்பு நேரத்தை முதலில் இட்டு, முறையைப் பின்னர் இடுமாயின் முதற்கட்டளை மறுக்கப்படலாம். அல்லது ஏற்கப்பட்டும் பயனற்றுப் போகலாம். பின்னர் கைமுறைக்கு மாறும்போது எந்த மதிப்பு நிலைக்கும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். கோப்பில் உள்ள எண்கள் அனைத்தும் சரியானவை. பெறப்படும் படம் பிழையானது. எண்களில் பிழை இல்லாமையால் இப்பிழையைக் கண்டறிவதும் கடினம்.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. சேமிக்கும் தருணத்தில் கருவி தானியங்கி முறையில் இருந்தால் அப்போது படிக்கப்படும் ஒளியேற்பு நேரத்தின் பொருள் உறுதியற்றது. அது முன்னர்க் கைமுறையில் இடப்பட்ட பழைய எண்ணாகவும் இருக்கலாம். கருவி அக்கணத்தில் தேர்ந்த எண்ணாகவும் இருக்கலாம். இவ்வேறுபாட்டைக் கோப்பு உரைப்பதில்லை. இடைமுகமோ இதனை அறிந்திருக்கிறது. தானாக மாறும் மதிப்புகளுக்கும், பிற கட்டுப்பாடுகளைப் பாதிக்கும் கட்டுப்பாடுகளுக்கும், செயலற்ற கட்டுப்பாடுகளுக்கும் தனித்தனிக் கொடிகளை அது வரையறுத்துள்ளது. கெர்னல் அறிந்த ஒன்றைச் சேமிப்புக் கோப்பு இழந்துவிடுகிறது என்பதே இங்கு வைக்கப்படும் குறை.

முறைக்குரிய கட்டுப்பாடுகளை முதலிலும் மதிப்புக்குரியவற்றை அடுத்தும் இடுவது இதற்கு எளிய தீர்வு. இத்தீர்வைப் பல பயனர்கள் பட்டறிவால் கண்டு தம் நிரல்களில் எழுதிக்கொள்கின்றனர். ஒவ்வொருவரும் தனித்தனியே கண்டறிய வேண்டிய விதி கருவியின் வடிவமைப்பில் இடம்பெறாத விதியாகும்.

4. பெயரும் அடையாளமும்

மீட்டலுக்கு இரண்டு அடையாளங்கள் நிலையாக இருத்தல் வேண்டும். ஒன்று கட்டுப்பாட்டின் அடையாளம்; மற்றொன்று கருவியின் அடையாளம். இரண்டும் நிலையற்றவை.

யூஎஸ்பி நிகழ்படக் கருவிகளுக்கான இயக்கியில் கட்டுப்பாடுகளின் பெயர்கள் பொதுச்சட்டகத்தின் பெயர்களோடு பின்னாளில் ஒருமைப்படுத்தப்பட்டன. ‘ஒளியேற்பு, தானியங்கி’ என்னும் பொருள்தரும் பழைய ஆங்கிலப் பெயர் ‘தானியங்கி ஒளியேற்பு’ என்னும் பொருள்தருவதாகச் சொன்முறை மாறியது. வெண்சமநிலை, குவியம் ஆகியவற்றின் பெயர்களும் அவ்வாறே மாறின. மனிதர் இம்மாற்றத்தை எளிதில் உணர்வர். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு இவை வெவ்வேறு கட்டுப்பாடுகள். கெர்னல் புதுப்பிக்கப்பட்ட பின், பழைய கோப்பு கேட்கும் கட்டுப்பாடு அங்கு இல்லை. பெயர்கள் மாறியபோதும் பதினாறடிமான அடையாள எண்கள் மாறவில்லை. பெயரை விடுத்து எண்ணைச் சேமித்த கோப்பு பிழைத்தது. எண்ணை விடுத்துப் பெயரைச் சேமித்த கோப்பு பயனற்றது. பாடவேறுபாடுகளைக் குறிக்கும் பதிப்பாசிரியர் சுவடியின் எண்ணையும் தவறாது குறிப்பதற்கு ஒப்ப, இரண்டையும் காப்பதே முறையாகும்.

கருவியின் அடையாளமும் இவ்வாறே வழுக்கும் தன்மையது. கருவிகள் இணைக்கப்படும் வரிசைக்கேற்பச் சுழியம் முதல் எண் பெறுகின்றன. இரண்டு கருவிகள் இருப்பின் இன்று சுழிய எண் பெற்றது நாளை வேறெண் பெறலாம். கெர்னலின் 4.16 பதிப்பு முதல் யூஎஸ்பி படக்கருவிகள் படத்திற்கு ஒன்றும் மேல்தரவுக்கு ஒன்றுமாக இரு முனைகளைத் தோற்றுவிப்பதால் எண்வரிசை மேலும் குழம்புகிறது. அடையாளவழி, பாதைவழி என இருவகை நிலைத்த இணைப்புப் பெயர்களை இயங்குதளம் தருவது உண்மையே. ஆனால் ஒரே வகையைச் சேர்ந்த மலிவான இரு கருவிகள் தனித்த வரிசையெண் இன்றி வரும்போது அடையாளவழிப் பெயர் பயன்தராது. எந்த யூஎஸ்பித் துளையில் எது செருகப்பட்டது என்பதையே நம்ப வேண்டும். சேமிப்புக் கோப்பு தான் எந்தக் கருவிக்கு உரியது என்பதைத் தன்னுள்ளேயே கொண்டிருக்காவிடில் ஒரு கருவியின் அமைவு மற்றொரு கருவிக்கு ஏற்றப்படுவதைத் தடுக்க வழியில்லை.

5. இரு ஒப்பீடுகள்

இக்குறைகள் தவிர்க்க இயலாதன அல்ல என்பதை இரு நிரல்கள் காட்டுகின்றன. லிப்வெப்கேம் தொகுப்பைச் சேர்ந்த யுவிசிடைன்சிடிஎல் நிரலில் சேமித்தல், ஏற்றுதல் ஆகிய இரண்டும் தனி விருப்பங்களாக உள்ளன. அது எழுதும் கோப்பில் கட்டுப்பாட்டின் பெயர் குறிப்புரையாக நிற்க, அடுத்த வரியில் அடையாள எண்ணும், சிறுமம், பெருமம், படிநிலை, இயல்புமதிப்பு ஆகிய நான்கும், இறுதியில் மதிப்பும் வருகின்றன. ஜியுவிசிவியூ என்னும் வரைகலைச் செயலியும் இவ்வடிவையே கையாள்கிறது. மதிப்புடன் அம்மதிப்பு பொருள்பெறும் வீச்சையும் காத்தமை இவ்வடிவின் சிறப்பு. 128 என்னும் பிரகாச மதிப்பு 0 முதல் 255 வரை செல்லும் கருவியில் நடுநிலை. பெருமமே 64 ஆகிய கருவியில் அது பொருளற்றது. வீச்சு பதிவாகியிருப்பின் கருவி மாறியதை ஒப்பீட்டால் உய்த்துணரலாம். எனினும் கட்டுப்பாடுகளின் சார்பு இவ்வடிவிலும் பதிவாகவில்லை.

மற்றொன்று ஒலித்துறையைச் சார்ந்தது. அல்சா ஒலிச்சட்டகத்தின் அல்சாசிடிஎல் நிரல் சேமி, மீட்டெடு என்னும் இரு கட்டளைகளைக் கொண்டது. ஒலியட்டையின் பெயரால் பகுக்கப்பட்ட ஒரே நிலைக்கோப்பை அது எழுதுகிறது. ஒவ்வொரு கட்டுப்பாட்டின் மதிப்போடு வகையும் வீச்சும் குறிப்புரையாக இடம்பெறுகின்றன. கணினி தொடங்கும்போது மீட்டல் தானே நிகழும் வகையில் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் இதனை அமைத்துள்ளன. நேற்று வைத்த ஒலியளவு இன்றும் இருப்பதைப் பயனர் வியப்பதில்லை. வீடியோ இடைமுகத்தின் ஆவணமே கட்டுப்பாடு மாற்றும் செயலிகளை அல்சாவின் ஒலிக்கலவைச் செயலிகளோடு ஒப்பிடுகிறது. ஒப்புமை மாற்றுவதோடு நின்று, காப்பதற்கு நீளவில்லை. ஒலிக்குக் கிடைத்த நினைவு ஒளிக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு நியாயமும் உண்டு. ஒலியட்டை பெரும்பாலும் கணினியுடன் ஒன்றியது. படக்கருவி அடிக்கடி பிடுங்கிச் செருகப்படுவது. ஒலியளவு பயனரின் விருப்பம். ஒளியளவு அறையின் வெளிச்சத்தைச் சார்ந்தது. மாலையில் சேமித்த ஒளியேற்பைக் காலையில் தானே மீட்பது தீங்காகவும் முடியலாம். ஆயின் இந்நியாயம் தானியங்கு மீட்டலை மறுக்கிறதேயன்றி, பயனர் வேண்டும்போது நிகழும் முறையான மீட்டலை மறுப்பதில்லை.

6. மீட்டமை என்னும் சொல்

இச்சிக்கலுக்குத் தமிழ்க் கலைச்சொல் சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. இயல்புநிலைக்குத் திருப்புதல், சேமித்த நிலைக்குத் திருப்புதல் ஆகிய இரண்டும் வேறு வேறு செயல்கள். தமிழ் இடைமுகங்களில் இவ்விரண்டிற்கும் ‘மீட்டமை’ என்னும் ஒரே சொல் ஆளப்படுவதைக் காணலாம். மீள அமைத்தல் என்னும் பகுப்பு இரண்டிற்கும் இடந்தருவதே இம்மயக்கத்தின் காரணம்.

மயக்கத்தின் விளைவை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். மின்விளக்கின் துடிப்பால் படத்தில் தோன்றும் பட்டைகளைத் தவிர்க்க, மின்வலை அதிர்வெண்ணைக் குறிக்கும் கட்டுப்பாடு ஒன்று உண்டு. அதில் 0 என்பது நீக்கம். 1 என்பது 50 ஹெர்ட்ஸ். 2 என்பது 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்வலை 50 ஹெர்ட்ஸில் இயங்குகிறது. சில கருவிகளின் இயல்புமதிப்போ 60 ஹெர்ட்ஸ். அத்தகைய கருவியில் பயனர் 1 என மாற்றிச் சேமித்திருக்க, ‘மீட்டமை’ என்பதைத் தேர்ந்து இயல்புநிலையைப் பெற்றால் நீங்கிய பட்டைகள் மீண்டும் தோன்றும். இயல்புநிலை நடுநிலையன்று என்பதும் இதனால் புலப்படும். அது வேறொரு நாட்டின் மின்வலையை இயல்பு எனக் கொண்ட தேர்வு.

எனவே முன்னதற்கு ‘இயல்பாக்கு’ என்பதும் பின்னதற்கு ‘மீட்டெடு’ என்பதும் பொருந்தும். இழந்ததைப் பெறுதல் என்னும் பொருள் மீட்டல் என்னும் வினைக்கு வழக்கில் வேரூன்றியது. அடகு வைத்ததை மீட்கிறோம் என்கிறோமேயன்றிக் கடையில் புதிதாக வாங்குவதை மீட்பது என்பதில்லை. பயனர் ஒருகாலும் தேர்ந்திராத ஒரு நிலைக்குத் திரும்புவதை இவ்வினையால் குறித்தல் சொல்லின் இயல்புக்கே மாறானது.

7. சுவடிப் படமாக்கத்தில் இதன் இன்றியமையாமை

எழுத்தாணியால் கீறி மை தடவப்பட்ட ஓலையில் எழுத்துக்கும் தளத்திற்கும் இடையிலான நிறவேறுபாடு குறைவு. தானியங்கி ஒளியேற்பு படத்தின் சராசரி ஒளியை ஓர் இடைநிலைக்குக் கொணர முயல்கிறது. ஆகவே கருத்த ஓலை உள்ளதினும் வெளிறியும், வெளிறிய ஓலை உள்ளதினும் கருத்தும் பதிவாகும். தானியங்கி வெண்சமநிலை ஓலையின் பழுப்பையே விளக்கொளியின் சாயலாகக் கொண்டு நீக்க முற்படலாம். ஒரே கட்டைச் சேர்ந்த ஓலைகள் வெவ்வேறு கட்டுகளைச் சேர்ந்தன போலத் தோன்றும். ஏட்டின் நிறத்தையும் தேய்மானத்தையும் கொண்டு இடைச்செருகிய ஓலையை இனங்காணும் ஆய்வாளரை இத்தோற்றம் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். பூச்சித்துளையா எழுத்தாணிக் குறியா என்னும் ஐயம் எழும் இடங்களில் ஒளியளவின் சிறு மாற்றமும் பாடத்தைப் பாதிக்கவல்லது.

ஆகவே கைமுறை அமைவும் அதன் துல்லியமான மீட்டலும் வசதி என்னும் நிலையைக் கடந்து சான்றின் பகுதியாகின்றன. இதற்கு மூன்று நடைமுறைகள் பரிந்துரைக்கத்தக்கன. முதலாவது, பெயர், அடையாள எண், வீச்சு, மதிப்பு, கொடிக்குறிப்பு அடங்கிய முழுப்பட்டியலை வடிகட்டாமல் காத்தல். கருவி, கெர்னல் பதிப்பு, படத்தின் அளவு ஆகியனவும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டாவது, மீட்டலின்போது முறைகளை முன்னும் மதிப்புகளைப் பின்னும் இட்டு, இட்டபின் மீண்டும் படித்துச் சேமித்த கோப்போடு ஒப்பிடுதல். ஒப்பீடு இல்லாத மீட்டல் நம்பிக்கையேயன்றி உறுதியன்று. மூன்றாவது, அப்பட்டியலைப் படிமங்களோடு சேர்த்தே ஆவணப்படுத்துதல். நிறஅட்டையை ஓலையோடு வைத்துப் படமெடுப்பது விளைவுக்குச் சான்று. அமைவுக் கோப்பு செயலுக்குச் சான்று. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

முடிவுரை

கட்டளைவரி நிரல்கள் நிகழ்படக் கருவியின் அமைவுகளை வெளிப்படையாகவும் தெளிவாகவும் படிக்கத் தருகின்றன. உற்பத்தியாளரின் மூடிய செயலியைச் சாராது, எளிய உரைக்கோப்பில் அமைவைக் காக்க முடிவது ஆய்வுக்குப் பெரும் பேறு. அதே வேளையில், வழக்கிலுள்ள சேமிப்பு முறைகள் அமைவைப் பெயர்–எண் இணைகளாகச் சுருக்குவதால் வரிசை, சார்பு, வீச்சு, அடையாளம் ஆகிய நான்கும் இழக்கப்படுகின்றன. இழப்பு சேமிக்கும்போது நிகழ்கிறது, வெளிப்படுவது மீட்கும்போது. ஒவ்வொரு வரியும் பிழையற்ற கோப்பு பிழையான படத்தைத் தருவது இதனாலேயே.

அல்சாவின் நிலைக்கோப்பும் லிப்வெப்கேமின் கோப்பு வடிவும் இவ்விழப்பின் ஒரு பகுதியைத் தவிர்க்கின்றன. சார்பைப் பதிவுசெய்யும் வடிவம் இன்னும் தேவைப்படுகிறது. அதற்கு வேண்டிய தகவல் இடைமுகத்திலேயே உள்ளது. அத்தகைய வடிவம் வாய்க்கும்வரை, கருவி ஏற்றுக்கொண்டது யாது என்பதை மீண்டும் படித்து உறுதிசெய்யும் பொறுப்பு பயனரையே சாரும். படிமத்தைக் கொண்டு பாடம் காணும் தமிழாய்வில் இப்பொறுப்பு பதிப்புநெறியின் ஒரு கூறாகக் கொள்ளத்தக்கது.